மூன்றாம் உலையின் படம்

போன வாரம், என் பழைய அலுவலகத்தில் இப்போது வேலை பார்க்கும் உங்களில் ஒருவர் கைபேசியில் எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "மேடம், ஒரே ஷீட்டில் நிறைய சார்ட் இருக்கு. ஒவ்வொண்ணும் ஒரு அளவு. எல்லாத்தையும் ஒரே சைஸ் ஆக்க என்ன வழி?" ஒன்றைத் தொட்டுவிட்டு, கன்ட்ரோல் பொத்தானை அழுத்தியபடி மற்றவற்றையும் தொட்டு, உயரத்தையும் அகலத்தையும் ஒரே தடவை கொடுத்தால் போதும் என்று பதில் எழுதினேன். அரை நிமிட வேலை. "சூப்பர் மேடம்" என்று பதில் வந்தது, கூடவே ஒரு கட்டைவிரல்.

அதன் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கேட்டதற்கு மட்டும் விடை சொல்லிவிட்டேன். அவை ஏன் வேறு வேறு அளவில் இருக்கின்றன, அப்படி வைத்தது யார் என்று பதிலுக்கு நான் கேட்டிருக்க வேண்டும். அதைக் கேட்காமல் விட்டதற்காகத்தான் இதை எழுதுகிறேன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் இருப்பவளுக்கு நேரத்துக்குக் குறைவில்லை. நீங்கள் பொறுமையாகப் படியுங்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், லாரிகளுக்கு இரும்பு உதிரிகள் வார்க்கும் ஆலை ஒன்றில் எனக்கு அலுவலக வேலை. திருநின்றவூரில் வீடு. காலையில் ரயிலேறி பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டி பிடிக்க வேண்டும். மகள் திவ்யா அப்போது யூகேஜி. அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பும்போது அவள் அழ மாட்டாள், கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அத்திப்பட்டு தாண்டும்போது அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். அது வரைக்கும் என் கண்ணில் அந்தத் தாழ்ப்பாள்தான்.

பொன்னேரியில் ஷமீமா ஏறுவாள். அதோடு என் முகம் மாறிவிடும். என் வயதுக்காரி, என் பக்கத்து மேசைக்காரி. பழவேற்காட்டில் அவள் அப்பாவுக்கு இறால் வியாபாரம். அங்கிருந்து பஸ்ஸில் பொன்னேரி வந்து வண்டி பிடிப்பாள். பெண்கள் பெட்டிக்குள் நுழையும்போதே சண்டையோடுதான் வருவாள்.

"நவுருடி. பேசின் பிரிட்ஜ்லேர்ந்து காத்து வாங்கிகினு வர்றே, போதும். ஜன்னல் எனக்கு."

"உனக்கு ரெண்டு ஸ்டேஷன்தானே, நின்னுக்கிட்டு வாயேன்."

"நின்னுகினு வந்தா டிபன் பாக்ஸ தொறக்க முடியாதே. எறா தொக்கு கீது. வாணாமா?"

நான் நகர்ந்து உட்காருவேன். கவரைப்பேட்டை வருவதற்குள் பாதி டப்பா காலியாகிவிடும்.

எங்கள் ஆலையில் ஐந்து உலைகள். உலை என்றால் ஒரு பெரிய குடுவை என்று நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே அதைச் சுற்றிச் செம்புக் குழாய், குழாய்க்குள் ஓடும் தண்ணீர். உள்ளே இரும்புக் குழம்பு. இரண்டுக்கும் நடுவே மண்ணை இடித்துக் கட்டிய சுவர் ஒன்று மட்டும்தான். அதற்கு லைனிங் என்று பெயர். ஒவ்வொரு முறை உருக்கும்போதும் அது கொஞ்சம் தேயும். தேயத் தேய, குழாயிலிருந்து வெளியே வரும் தண்ணீரில் சூடு ஏறும். சுவர் விட்டுப்போய் குழம்பும் தண்ணீரும் சேர்ந்தால் அந்த இடத்தில் கூரை மிஞ்சாது. உலையை ஒட்டிய மேடையில் நின்று இரும்பு போடுபவர்களும் மிஞ்ச மாட்டார்கள்.

அந்தத் தண்ணீரின் சூட்டை ஒவ்வொரு ஷிப்டிலும் எழுதி, மாடியில் இருந்த எங்கள் அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். ஷமீமா அதைக் கணினியில் ஏற்றி, உலைக்கு ஒன்றாக ஐந்து படம் போட்டு, ஒரே தாளில் அச்செடுத்து, உலைக்கூடத்து வாசலில் இருக்கும் போர்டில் ஒட்டுவாள். அந்தத் தாளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஒரு படம் தாளின் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும். மற்ற நான்கும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். சில நாள் ஐந்தும் ஐந்து அளவு.

"ஏண்டி, இதைக் கொஞ்சம் ஒழுங்கா அடுக்கக் கூடாதா?" என்று கேட்டால், "ஒழுங்கா கீறவளப் பாத்து சிநேகம் புடிச்சிக்கோ, போ" என்பாள்.

பிறகு அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு மலேசியாவில் கடை. ஒரு வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் பிரியாணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தன் கோப்புகளையெல்லாம் என் கணினியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். திங்கட்கிழமை பொன்னேரியில் வண்டி நின்றபோது, யாரும் கேட்காமலே ஜன்னலோரத்திலிருந்து நான் நகர்ந்து உட்கார்ந்தேன். வேறு ஒரு அம்மாள் வந்து அமர்ந்தார்.

அவள் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். எண்களை மட்டும் ஏற்றுவேன், படங்களைத் தொடவில்லை. அவள் கடைசியாக விட்டுப்போன தாளில் மூன்றாம் உலையின் படம் பெரிதாக இருந்தது. அது அப்படியே அச்சாகி, அப்படியே போர்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு ஒரு நாள் மேலாளர் என் மேசைக்கு வந்தார். மறுநாள் வெளியூரிலிருந்து ஒரு பெரிய வாடிக்கையாளர் குழு ஆலையைப் பார்க்க வருகிறது. "அந்த போர்டைப் பாத்தியாம்மா? சந்தைக் கடை மாதிரி இருக்கு. ஒண்ணு யானை, ஒண்ணு பூனை. எல்லாத்தையும் ஒரே சைஸ்ல அழகாப் போட்டு இன்னிக்கே ஒட்டிடு." அவரைக் குறை சொல்ல மாட்டேன். பார்க்க அது அப்படித்தான் இருந்தது. எனக்கும் அந்த வேலை பிடித்திருந்தது. ஐந்தையும் ஒரே அளவாக்கினேன், ஓரங்களை நேர்கோட்டில் நிறுத்தினேன், எழுத்துகளையும் ஒன்றுபோல் மாற்றினேன். அழகாகத்தான் வந்தது. சாயங்காலம் போர்டில் ஒட்டிவிட்டு வண்டிக்கு ஓடினேன்.

மறுநாள் காலை, விருந்தினர்கள் மேலே கூட்டத்தில் இருந்தார்கள். சற்று நேரத்தில் கீழே வருவார்கள். தாள் கோணலாகத் தொங்குகிறதா என்று பார்க்க உலைக்கூடத்துக்குப் போனேன். வாசலில் முனிரத்தினம் நின்றுகொண்டிருந்தார். அந்த ஷிப்டின் ஃபோர்மேன், கவரைப்பேட்டைக்காரர். உலைகளை ஏற்றுவதும் இறக்குவதும் அவர் கையில்.

"இன்னாம்மா, மூணாம் நம்பர் நல்லாயிட்ச்சா?" என்று கேட்டார்.

"நல்லாயிடுச்சான்னா?"

"படம் சின்னதா பூட்ச்சே. ஷமீமா பொண்ணு போறச்சொல பெர்சா போட்டு வெச்சிட்டுப் பூட்ச்சி. நாங்களும் அன்னிலேர்ந்து அதுக்கு முழு கரண்டு குடுக்கறதே இல்ல. பாதிலயே ஓட்டிகினு இருந்தோம். இன்னிக்கு வந்து பாத்தா அஞ்சும் ஒரே மாறி கீது. சரி, பேஜாரு தீந்துதுன்னு காலைல முழுசா ஏத்திட்டோம். பார்ட்டி வரப்போ அஞ்சும் ஓடணும்னு சாரும் சொன்னாரே."

எனக்கு அவர் சொன்னது உடனே புரியவில்லை. "படத்தோட சைஸை வெச்சா பார்ப்பீங்க? உள்ளே இருக்குற நம்பரைப் பார்க்க மாட்டீங்களா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உள்ள எறும்பு மாறி எழுதிகிற நம்பர நின்னு படிக்க யாருக்கும்மா டைம் கீது? போறச்சொல ஒரு பார்வ. எது பெர்சா கீதோ அது ஒடம்பு சரியில்லாதது. ஷமீமா அப்டித்தான் போடும். எல்லாருக்கும் தெரியுமே. ஒனக்கு அது சொல்லலியா?"

சொல்லவில்லை. எந்த ஆவணத்திலும் இல்லை, எந்தக் கூட்டத்திலும் யாரும் பேசியதில்லை. தண்ணீர்ச் சூடு ஏறுகிற உலையின் படத்தை அவள் இழுத்துப் பெரிதாக்குவாள். கீழே இருந்தவர்கள் அதைப் பார்த்துப் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். மேலே இருந்த எங்களுக்குத்தான் அது அலங்கோலமாகத் தெரிந்தது.

மாடிக்கு ஓடினேன். கோப்பைத் திறந்து மூன்றாம் உலையின் எண்களை மட்டும் பார்த்தேன். ஒவ்வொரு ஷிப்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருந்தது. தினமும் அந்த எண்களை ஏற்றியவள் நான்தான். ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடக் கொஞ்சம்தான் கூட, அதனால் கையை உறுத்தவில்லை. படத்திலும் தெரியவில்லை. இதை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு சார்ட்டும் தன் இடப்பக்க எண்களைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். ஒன்றாம் உலையில் அரை டிகிரி ஏறி இறங்கினாலும் அதை மலையாகக் காட்டும். மூன்றாம் உலையில் நிஜமாகவே மலை ஏறினாலும் அதே உயரத்துக்குள் அடக்கிவிடும். ஐந்தையும் ஒரே அளவாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது ஐந்து கோடும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

அபாய மணி அடிக்கும் அளவை அது இன்னும் தொடவில்லை. ஆனால் அந்த எண்கள் எல்லாம் பாதிக் கரண்டில் ஓடியபோது எடுத்தவை. இப்போது முழுதாக ஏற்றியிருக்கிறார்கள்.

கூட்ட அறையின் கதவு மூடியிருந்தது. உள்ளே போய் மேலாளரிடம் எதைச் சொல்வது, அந்த விருந்தினர்கள் முன்னால் எங்கிருந்து தொடங்குவது? படத்தின் அளவு, ஷமீமா, பழக்கம் என்று விளக்கி முடிக்க எவ்வளவு நேரமாகும்? திரும்பக் கீழே ஓடி, முனிரத்தினத்திடம், "மூணாவதை நிறுத்துங்க, சூடு ஏறிக்கிட்டே இருக்கு" என்றேன்.

அவர் மேடையைப் பார்த்தார். நான்கு பேர் மேலே நின்று பழைய இரும்பைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"மணி அடிக்கலியேம்மா. பார்ட்டி வர்ற நேரத்துல நீ வாயால சொன்னேன்னு நிறுத்தினா சார் என்ன ஊட்டுக்கு அனுப்பிடுவாரு. எனக்கு ரெண்டு பொண்ணுங்க கீது." அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "ஷமீமா போடற மாறி போட்டு இட்டாந்து ஒட்டு. ஒட்டிட்டீன்னா நிறுத்தறேன். சார் கேட்டா காட்ட எனக்கு ஒண்ணு வேணுமில்ல?"

மறுபடியும் மாடி. மூன்றாம் உலையின் படத்தின் மூலையைப் பிடித்து, தாள் நிறையும் வரை இழுத்தேன். மற்ற நான்கையும் அதற்கு அடியில் புதைய விட்டுவிட்டேன். அந்த அச்சுப்பொறி தாளை வெளியே தள்ளுவதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தை இன்றும் என்னால் தாங்க முடியவில்லை. எங்கே அச்சுப்பொறி கிர்ரென்றாலும் எழுந்து அதன் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன்.

நான் முந்தின நாள் ஒட்டிய அழகான தாளின் மேலேயே அதை ஒட்டினேன். முனிரத்தினம் பார்த்தார். நேராகப் போய் மூன்றாம் உலையின் மின்சாரத்தை நிறுத்தினார். "குழம்ப மணல்ல கொட்டிடுங்கடா, எறங்குங்க!" என்று அவர் கத்தியதும், மேடையில் இருந்த வெங்கடேசு திரும்பிப் பார்த்தார். ஆரம்பாக்கத்துக்காரர், எதற்கும் விளையாட்டுப் பேச்சு. ஆனால் எங்களைக் கேட்கவில்லை, போர்டைப் பார்த்தார். பார்த்ததும் எல்லோரும் மளமளவென்று வேலையை முடித்துவிட்டு இறங்கினார்கள். காரணத்தை யாரும் கேட்கவில்லை.

விருந்தினர்கள் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு வந்தபோது நான்கு உலைகள் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாவது சத்தமில்லாமல் சாய்ந்து கிடந்தது. மேலாளரின் முகம் சிவந்தது.

"முனிரத்தினம், யார் சொல்லி நிறுத்தினே?"

"போர்டு சொல்லிச்சி சார்."

மேலாளர் போர்டைப் பார்த்தார். அந்த ஒற்றைப் படம் தாள் முழுதும் பரந்து கிடந்தது. "நான்தான் சார் ஒட்டினேன்" என்றேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். அதற்குப் பதில் போர்டுக்குக் கிட்டே போய், இடப்பக்கத்து எண்களை விரலால் தொட்டுக்கொண்டே மேலே போனார். விரல் உச்சிக்குப் போனதும் நின்றது. விருந்தினர்களிடம் திரும்பி ஏதோ பராமரிப்பு என்று சொல்லி அடுத்த கூடத்துக்கு அழைத்துப் போனார். அன்று முழுதும் என்னோடு பேசவில்லை.

உலை ஆறிய பிறகு இறங்கிப் பார்த்தார்கள். ஒரு பக்கம் லைனிங் ஒரு பிஸ்கட் கனத்துக்குத்தான் மிச்சம் இருந்தது. மேலாளர் அந்தத் துண்டைப் பெயர்த்து எடுத்துவந்து என் மேசையில் வைத்தார். "இனிமே எப்படிப் போடணுமோ அப்படிப் போடும்மா" என்றார். அந்தத் துண்டு நான் ஓய்வு பெறும் வரை என் மேசையிலேயே இருந்தது. உங்களில் சிலர் அதைப் பார்த்திருப்பீர்கள். என்ன கல் மேடம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஏதோ சொல்லிச் சமாளித்திருக்கிறேன்.

கேன்டீனில் வெங்கடேசு என் எதிரே நாஷ்டா தட்டோடு உட்கார்ந்தார். இட்லியைப் பிட்டபடியே சொன்னார். "நல்ல வேள மேடம். இல்லாங்காட்டி எங்க நாலு பேர் போட்டாவையும் இதே மாறி ஒரே சைஸுல போட்டு மால மாட்டிருப்பாங்கோ."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். முனிரத்தினமும், "ஒன் மூஞ்சிக்கு எந்த சைஸுல போட்டாலும் நல்லா இருக்காது நைனா" என்றார். என்னால் சிரிக்க முடியவில்லை. இப்போதும் முடியவில்லை. சுவரில் வரிசையாக, ஒரே சட்டத்தில் மாட்டிய புகைப்படங்களைப் பார்த்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அந்த வாரம் பொன்னேரியில் இறங்கி ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து மலேசியாவுக்குப் பேசினேன். ஷமீமாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"ஏண்டி எனக்குச் சொல்லாமப் போனே?"

"இன்னாத்த சொல்லல?"

"பெரிய படம்னா என்ன அர்த்தம்னு."

"அதுக்கு அர்த்தம்லாம் ஒண்ணும் இல்லடி. எத பாத்தா எனக்கு பயமா கீதோ, அத பெர்சா இழுத்து வெப்பேன். கிட்ட வெச்சி பாக்கணும்னு தோணும். அவ்ளோதான். அத அவங்க பாத்துகினா இருந்தாங்க?" அவளுக்கே தெரியாது. அழுதாள். பிறகு, "எறா தொக்குக்கு இங்க நல்ல எறாவே கெடைக்கல" என்றாள். என் கையிலிருந்த காசுக்கான நேரம் முடிந்துவிட்டது. பின்னால் அவள் எண் மாறியது, என் எண்ணும் மாறியது. பொன்னேரிப் பக்கம் போகிற யாரிடமாவது விசாரிக்கச் சொல்கிறேன். பழவேற்காட்டு வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்களாம்.

அதன் பிறகு போர்டில் ஐந்து படங்களையும் ஒரே அளவில்தான் போட்டேன். ஆனால் ஐந்துக்கும் இடப்பக்க எண்களை நானே ஒன்றாக நிறுத்திவைத்தேன். கீழே பாதித் தாளைக் காலியாக விட்டேன். எந்த உலையை நினைத்தால் பயமாக இருக்கிறதோ, அது மறுபடியும் பெரிதாக அங்கே வரும். எதுவும் இல்லாத நாளில் அந்த இடம் வெள்ளையாகவே இருக்கும். காலையில் உள்ளே வருகிறவர்கள் அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டு, சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டுவார்கள். அதை மாடி ஜன்னலிலிருந்து பார்ப்பது எனக்குப் பிடிக்கும். இப்போது நினைத்தாலும் அங்கே போய் ஒரு காலை நிற்க வேண்டும்போல் இருக்கிறது.

ஆக, எல்லாவற்றையும் ஒரே அளவாக்குங்கள், தப்பில்லை. அதற்கு முன்னால், அந்தத் தாளைத் தினமும் பார்க்கிறவர்களிடம் போய், இதில் நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். அரை நிமிட வேலைக்கு முன்னால் ஒரு அரை மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

இத்தனை வருடம் கழித்து இதை எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்தத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்ற என் திவ்யா இப்போது வடக்கே ஒரு ஆலையில் பயிற்சிப் பொறியாளர். தினமும் சாயங்காலம் ஒரு செய்தி அனுப்புவாள். "சாப்ட்டேன் மா. நல்லா இருக்கேன்." ஒரு எழுத்துகூடக் குறையாமல், நேற்று போலவே இன்றும். அதை வாங்கி வைத்துக்கொண்டு நானும் சோறு வடிப்பேன்.

போன மாதம் அவள் ஆலையில் ஒரு கொதிகலன் வெடித்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளோடு சேர்ந்து வேலை பார்த்த ஒரு பெண்ணுக்குக் கையும் தோளும் வெந்துவிட்டன. செய்தியை நான் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்று சாயங்காலம் வந்த செய்தியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். "சாப்ட்டேன் மா. நல்லா இருக்கேன்." முந்தைய நாள்களின் செய்திகளுக்கு நடுவே அது எது என்று தேதி பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அவளைக் கூப்பிட்டு இந்தக் கதையைச் சொன்னேன். பாதியிலேயே, "மா, மறுபடியும் உன் பர்னஸ் கதையா?" என்றாள். முழுதும் சொல்லி முடித்தேன். "தினமும் ஒரே சைஸ்ல அனுப்பாதே கண்ணு. எனக்கு அதுல ஒண்ணும் தெரியல" என்றேன். அதன் பிறகும் பல நாள் அதே வரிதான் வந்தது. நானும் விட்டுவிட்டேன்.

நேற்று மத்தியானம் கைபேசி அதிர்ந்தது. திரையில் அடங்காத செய்தி. புள்ளியும் இல்லை, காற்புள்ளியும் இல்லை. அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்தது, மறுபடியும் அந்தக் கூடத்துக்குள் கால் வைக்கப் பயமாக இருப்பது, தூங்காதது, விடுதிச் சாம்பாரில் வெல்லம் போடுவது, காலணி கடித்துக் குதிகாலில் கொப்புளம், வேலையை விட்டுவிடலாமா என்று தோன்றுவது, விட்டால் நான் என்ன நினைப்பேனோ என்பது. விரலால் தள்ளித் தள்ளி நின்றபடியே படித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

அடுப்பை அணைத்துவிட்டு முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தேன். அவள் எங்கே நிற்கிறாள் என்று பல மாதம் கழித்து எனக்கு நேற்றுதான் தெரிந்தது. வடக்கே போகிற வண்டிக்கு இடம் பதிந்திருக்கிறேன். பெட்டியில் கொஞ்சம் எறா தொக்கும் வைத்திருக்கிறேன், ஷமீமாவின் கைப்பக்குவம் எனக்கு வரவில்லை என்றாலும்.